அந்த ஃபிளாக்கைப் போடாதீங்க

உபுண்டு 24.04-ல விஸ்பர்.சிபிபி-யை ஜிபியு-வோட சேர்த்து பில்ட் பண்ணப் போய், "இந்த ஜிசிசி வெர்ஷனுக்கு ஆதரவு இல்லை"ன்னு எர்ரர் வந்து நிக்குதா? 'அலவ் அன்சப்போர்ட்டட் கம்பைலர்'னு ஒரு ஃபிளாக் இருக்கு, அதைப் போட்டா போயிடும்னு யாராவது சொல்வாங்க. தயவுசெய்து போடாதீங்க. ஏன்னு சொல்றேன் 🧵

விஸ்பர்னா தெரியாதவங்களுக்கு: பேச்சை எழுத்தாக்குற ஓப்பன் சோர்ஸ் மென்பொருள். நம்ம கம்ப்யூட்டர்லயே ஓடும். ஓபி-யில நோயாளி சொல்றதை வெளி சர்வருக்கு அனுப்பாமலேயே குறிப்பெடுக்கலாம். டாக்டர்களுக்கு இதுல ஆர்வம் வர்றது அதனாலதான்.

இப்போ எர்ரருக்கு வருவோம். என்விடியா கார்டுக்கான குடா-வோட கம்பைலர் பேரு என்விசிசி. அது நிரலை ரெண்டாப் பிரிக்கும். ஜிபியு-ல ஓட வேண்டியதைத் தானே பார்த்துக்கும், சிபியு பகுதியை ஜிசிசி கிட்ட கொடுத்துடும். ஆனா ஜிசிசி-யோட ஹெடர் ஃபைல்களை என்விசிசி-யும் படிச்சாகணும். புது ஜிசிசி-யில பழைய என்விசிசி-க்குப் புரியாத சமாச்சாரம் இருக்கலாம். அதனாலதான் ஒவ்வொரு குடா-வுக்கும் ஒரு உச்சவரம்பு. குடா 12.0 ஜிசிசி 12 வரைதான் ஏத்துக்கும். உபுண்டு 24.04-ல இயல்பா இருக்கிறது ஜிசிசி 13. அதுக்கு ஆதரவு வந்தது குடா 12.4-லதான்.

ரத்தம் ஏத்துறதுக்கு முன்னாடி கிராஸ் மேட்ச் பண்ணுவோம் இல்லையா? இந்த எர்ரர் அந்த மாதிரி. ஃபிளாக் போடுறது, 'பொருந்தலை'ன்னு வந்த ரிப்போர்ட்டைக் கிழிச்சுப் போட்டுட்டு ரத்தப் பையை மாட்டுற வேலை.

இந்த ஃபிளாக்கைப் போட்டா பில்ட் உடையலாம், இல்லேன்னா ஓடும்போது தப்பா ஓடலாம்னு என்விடியாவே எழுதி வெச்சிருக்கு. உடைஞ்சா பரவாயில்லை, கண்ணுக்குத் தெரியும். ரெண்டாவதுதான் பயம்.

"பெரும்பாலும் ஒண்ணும் ஆகாது டாக்டர்"னு சொல்வீங்க. வாஸ்தவம். வீட்டுல விளையாடிப் பார்க்கிறதுன்னா உங்க இஷ்டம். ஆனா விஸ்பர் சாதாரணமாவே சில நேரம் யாரும் சொல்லாததை எழுதும். அதுக்கு மேல சந்தேகமான பில்டும் சேர்ந்தா, 5 மி.கி. 50 மி.கி. ஆனது மாடலாலயா கம்பைலராலயான்னு எப்படிக் கண்டுபிடிப்பீங்க?

இத்தனைக்கும் சரியான வழி பத்து நிமிஷ வேலை. ஜிசிசி 12, ஜி++ 12 ரெண்டையும் பக்கத்துல இன்ஸ்டால் பண்ணுங்க. சிஸ்டத்தோட 13 அப்படியே இருக்கட்டும். சிமேக் கிட்ட குடா ஹோஸ்ட் கம்பைலர் ஜி++ 12-ன்னு சொல்லுங்க. முக்கியமா, பழைய பில்ட் ஃபோல்டரை அழிச்சுட்டு ஆரம்பிங்க. சிமேக் முன்னாடி பிடிச்ச கம்பைலரை ஞாபகம் வெச்சுக்கிட்டே இருக்கும். "நீங்க சொன்னதைச் செஞ்சும் வரலை"ங்கிற புகார்ல பாதி இதுதான்னு நினைக்கிறேன்.

இன்னொண்ணு. என்விடியா-எஸ்எம்ஐ காட்டுற குடா நம்பர், உங்க டிரைவர் எதுவரைக்கும் தாங்கும்ங்கிறது. இன்ஸ்டால் ஆகியிருக்கிற வெர்ஷனை என்விசிசி கிட்டதான் கேட்கணும். டேங்க்ல எழுதியிருக்கிற 500 லிட்டரைப் பார்த்துட்டு உள்ளே அவ்வளவு தண்ணி இருக்குன்னு நம்பக்கூடாது 😄

பில்ட் முடிஞ்சதும் ஒரே ஆடியோவை சிபியு-ல ஒரு தடவை, ஜிபியு-ல ஒரு தடவை ஓட்டுங்க. ஒண்ணு ரெண்டு வார்த்தை முன்னே பின்னே இருக்கலாம். மருந்துப் பேரோ டோஸோ மாறுச்சுன்னா அந்த பில்டை நோயாளி பக்கம் கொண்டு போகாதீங்க.

வேற எர்ரர் வந்தா கீழே போடுங்க, பார்க்கலாம். கடைசி வரியை இல்ல, மேலே ஸ்க்ரோல் பண்ணி முதல்ல வந்த எர்ரரைப் போடுங்க.