அழிக்காமல் திருத்துங்கள்!

தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டைப் பக்கம் ஒரு சின்ன ஆபீஸில் என் அக்கா பெண் வேலை பார்க்கிறாள். கடைகளுக்குப் பில் போடும் கம்ப்யூட்டர் புரோகிராமைப் பராமரிக்கும் வேலை. ஆட்கள் நாலே பேர். புரோகிராமுக்கு வயது இருபதுக்கு மேல். 'பாக்ஸ்புரோ' பாஷையில் எழுதியது. அந்தப் பாஷையின் கடைசிப் பதிப்பு வந்தது 2004-ல். 2015-ல் மைக்ரோசாப்ட் கம்பெனி அதைக் கவனிப்பதையே நிறுத்திவிட்டது. ஆனாலும் கடைக்காரர்கள் விடுவதாயில்லை. பாட்டி காலத்து அம்மி மாதிரி, பழகிவிட்டது!

ஒரு நாள் சாயங்காலம் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து நின்றாள்.

"என்னடி ஆச்சு?"

"வீண் பழி, சித்தி!"

2025 செப்டம்பர் 22 முதல் சோப்பு, பற்பசை, தலைக்குத் தடவும் எண்ணெய் இவற்றுக்கு ஜி.எஸ்.டி. வரி 18 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்ததல்லவா? அதை இவள் சரியாகவே திருத்தியிருக்கிறாள். இரண்டு நாள் கழித்து இன்னொருவர், தம்மிடமிருந்த பழைய பிரதியில் ஏதோ சில்லறைத் திருத்தம் செய்து, அதை இதன் மேல் போட்டுவிட்டார். சோப்புக்கு மறுபடியும் 18! வாங்க வந்த பெண்மணிகளிடம் கடைக்காரர் பட்ட பாட்டைச் சொல்ல வேண்டுமா? அவர் ஆபீஸுக்கு வந்து கத்த, "புதுசாக வந்த பெண்தான் கை வைத்தாள்" என்று விரல் இவள் பக்கம் திரும்பிவிட்டது. கம்ப்யூட்டரிலோ 'கடைசி', 'கடைசி-2', 'நிஜக் கடைசி' என்று ஒன்பது பிரதிகள்!

"நான் திருத்தினது சத்தியம், சித்தி. காட்டத்தான் சாட்சி இல்லை."

எனக்கு என் மாமியாரின் பிறப்புப் பதிவு ஞாபகம் வந்தது. பிரெஞ்சுக்காரர் காலத்தில் புதுச்சேரியில் பிறந்தவர் அவர். பிற்பாடு நடந்த கல்யாணத்தை அதே பதிவின் ஓரத்தில் தேதியோடு குறித்திருக்கும். பழைய எழுத்தில் கை வைக்கவில்லை, பக்கத்தில் சேர்த்திருந்தார்கள்.

இதைச் சொன்னதும் அவள் முகம் மலர்ந்தது. "கம்ப்யூட்டருக்கும் அப்படி ஓர் ஏற்பாடு உண்டு, சித்தி!"

'வெர்ஷன் கண்ட்ரோல்' என்று அதற்குப் பெயராம். எந்த வரியை, யார், எப்போது, ஏன் மாற்றினார் என்று குறித்து வைக்கும். பழையதும் பத்திரமாக இருக்கும். பழைய பிரதியை யாராவது மேலே போட வந்தால், 'நடுவில் ஒரு திருத்தம் நடந்திருக்கிறது. அதையும் சேர்த்துக்கொண்டு வா' என்று வாசலிலேயே நிறுத்திவிடும். 1972-லேயே அமெரிக்காவின் பெல் ஆராய்ச்சிக் கூடத்தில் மார்க் ராச்கைண்ட் என்பவர் இப்படி ஒன்றைச் செய்தார். இன்று பிரபலமாயிருக்கும் 'கிட்', லினஸ் டார்வால்ட்ஸ் 2005-ல் எழுதியது. விலை கிடையாது.

மறுநாள் ஆபீஸில் சொல்லியிருக்கிறாள். புரோகிராமை ஆதியில் எழுதிய பெரியவருக்குக் கோபம். "எல்லாம் என் மண்டையில் இருக்கிறது. இது எங்களை வேவு பார்க்கவா?"

"இல்லை, சார். நீங்கள் லீவில் இருக்கும்போது, இந்த வரியை ஏன் எழுதினீர்கள் என்று எங்களுக்கு யார் சொல்வது?"

அவர் சற்று யோசித்துவிட்டு, "சரி, செய்" என்றாராம்.

முதல் நாள் ஒரு வரியைக்கூடத் திருத்தவில்லை. கடைகளில் நிஜமாக ஓடும் பிரதியை அப்படியே பதிவு செய்தாள். பாக்ஸ்புரோவின் சில கோப்புகளை நேராகப் படித்து ஒப்பிட முடியாதாம். அவற்றை எழுத்தாக மாற்றிக் கூடவே வைத்தாள். பிறகு மூன்றே விதிகள்: ஒரு தடவைக்கு ஒரு திருத்தம், அதற்கு ஒரு வரியில் காரணம், சாயங்காலம் இன்னொரு கம்ப்யூட்டரில் ஒரு நகல்.

இவர்கள் வேண்டாததென்று நீக்க இருந்த ஒரு வரிக்குப் பெரியவரே முதல் காரணத்தை எழுதினார்: 'பில் தொகையை முழு ரூபாயாக்க. எடுத்துவிடாதீர்கள்.'

போன வாரம் மறுபடி ஒரு பில் தப்பாக வந்ததாம். பதிவைப் புரட்டினார்கள். பத்தே நிமிஷத்தில் அகப்பட்டது, பழையபடி ஆக்கிவிட்டார்கள். யாரும் கத்தவில்லை.

"யாரடி செய்தது?" என்றேன்.

"இந்தத் தடவை நானேதான், சித்தி!" என்று சிரித்தாள்.

சகோதரிகளே, நம் வீட்டுப் பால் கணக்கிலும் தப்பு வந்தால் ரப்பரைத் தேடாதீர்கள். ஒரு கோடு போட்டு, பக்கத்தில் சரியானதைத் தேதியோடு எழுதுங்கள். மாதக் கடைசியில் பால்காரரோடு மனஸ்தாபம் வராது!