காஞ்சிபுரத்துக்குக் கடல் இல்லை... ஆனா நம்ம தட்டுல மத்தி இருக்கணுமான்னு கடல் காத்துதான் முடிவு பண்ணுது!

2019 நவம்பர் 29-ம் தேதி செங்கல்பட்டு தனி மாவட்டமானப்போ, கோவளம், மாமல்லபுரம், கல்பாக்கம் எல்லாம் அந்தப் பக்கம் போயிடுச்சு. அன்றிலிருந்து காஞ்சிபுரம் மாவட்டத்துக்கு ஒரு அடி கடற்கரைகூடக் கிடையாது. ஏரிகள் இருக்கு, பாலாறு இருக்கு (தண்ணி எங்கேன்னு கேட்கக்கூடாது), கடல் மட்டும் இல்லை.

கோயில் நகரம்னதும் ஊரே சைவம்னு வெளியூர்க்காரங்க நினைச்சுக்குவாங்க. ஞாயிற்றுக்கிழமை மதியம் தறி இருக்கிற தெருக்கள் வழியா ஒரு நடை நடந்து பாருங்க, பல வீட்டு அடுப்படியிலிருந்து வர்ற வாசனையே பதில் சொல்லிடும். அதுவும் கூலி கைக்கு வந்த வாரமா இல்லையாங்கிறதை வெச்சுத்தான் அந்தச் சட்டியில என்ன மீன்னு முடிவாகுது. வஞ்சிரம் வாங்க வழியில்லாத வீட்டுக்கு எப்பவும் கைகொடுக்கிறது மத்தி. குமரி மாவட்டத்துல இதையே சாளைம்பாங்க. ஒமேகா-3 கொழுப்பு, புரதம்னு டயட் ஆலோசகர்கள் சொல்ற எல்லாமே அதுல இருக்கு, விலையும் குறைவு.

குறைவுன்னு சொல்றதுகூட இப்போ நிச்சயமில்லை. மத்தி அதிகமா பிடிபடுற கேரளக் கரையில சமீப வருஷங்கள்ல கிலோ 350, 400 ரூபாய்க்குப் போன மீன், 2024-ல 20, 30 ரூபாய்க்கு விழுந்துச்சு. வெங்காயமா இருந்தா பதுக்கல், ஏற்றுமதித் தடைன்னு காரணம் சொல்லலாம். மத்தியை யாரும் பதுக்க முடியாது, ஒரே நாள்ல நாறிடும். அப்போ இந்த ஏத்த இறக்கத்துக்குக் காரணம் யாரு? பெரும்பகுதி, காத்து. கடல் மேல எந்தத் திசையில, எவ்வளவு வேகத்துல, எத்தனை நாள் அடிச்சுதுங்கிறது.

பால் ஆடையும் கடல் தண்ணியும்

சூடான பாலை டம்ளர்ல ஊத்தி, மேல படிஞ்ச ஆடையை ஊதி ஒதுக்குவோம் இல்லையா? ஆடை எதிர்ப்பக்கம் ஒதுங்கினதும் கீழே இருக்கிற பால் தெரியும். கரையோரக் கடல்லயும் கிட்டத்தட்ட அதுதான் நடக்குது. மேல்மட்டத் தண்ணியைக் காத்து கரையிலிருந்து விலக்கித் தள்ளுது, காலியான இடத்தை நிரப்ப கீழேயிருந்து குளிர்ந்த தண்ணி ஏறி வருது. விஞ்ஞானிகள் இதை ‘அப்வெல்லிங்’னு சொல்றாங்க. தமிழ்ல அடிநீர் மேலெழுச்சின்னு வெச்சுக்கலாம்.

ஆனா ஒரு வித்தியாசம் உண்டு. பால் ஆடை ஊதின திசையில போகும், கடல் அப்படிப் போகாது. 1893-லிருந்து 1896 வரை ‘ஃப்ராம்’ கப்பல்ல ஆர்க்டிக் போன நார்வேக்காரர் நான்சென் அங்கே ஒண்ணைக் கவனிச்சார். பனிக்கட்டிகள் காத்தடிக்கிற திசையில நகராம, கொஞ்சம் வலப்பக்கமா ஒதுங்கிப் போச்சு. பூமி சுத்துறதுதான் காரணம்னு ஸ்வீடன் விஞ்ஞானி எக்மன் 1905-ல கணக்குப் போட்டு விளக்கினார். வடக்கு அரைக்கோளத்துல, மேல்மட்டத் தண்ணி மொத்தத்தையும் சேர்த்துப் பார்த்தா, அது காத்தோட திசைக்கு வலப்பக்கம் செங்குத்தா நகருது.

இதை நம்ம வரைபடத்துல பொருத்திப் பாருங்க. தென்மேற்குப் பருவத்துல கேரளக் கரையோரமா காத்து வடமேற்கிலிருந்து தெற்கு நோக்கி வீசும். அதுக்கு வலப்பக்கம் அரபிக்கடல். அதனால கரையோரத் தண்ணி கடலுக்குள்ள ஒதுங்க, கீழேயிருந்து குளிர்ந்த தண்ணி ஒரு நாளைக்குச் சில மீட்டர்ங்கிற வேகத்துல ஏறும். மே கடைசி, ஜூன் வாக்குல குமரி முனைப் பக்கம் ஆரம்பிச்சு, மெல்ல வடக்கே நகர்ந்து, செப்டம்பர், அக்டோபர் வரைக்கும் இது நீடிக்கும். இதுல உள்ளூர்க் காத்து மட்டும் பங்காளி இல்லை. வங்காள விரிகுடாவுல கிளம்புற நீண்ட அலைகள் கரையை ஒட்டியே வந்து, தெற்கு முனையைச் சுத்திக்கிட்டு மேற்குக் கரைக்குப் போகுது. கண்ணுக்குத் தெரியாத இந்த அலைகள் அங்கே ஆழத்துல இருக்கிற குளிர்ந்த அடுக்கை மேலே தூக்கிக் கொடுக்குதுன்னு கோவாவுல இருக்கிற தேசியக் கடலியல் நிறுவன ஆய்வாளர்கள் காட்டியிருக்காங்க. ஆக, கேரளத்து மத்தியில நம்ம பக்கத்துக் கடலுக்கும் கொஞ்சம் பங்கு உண்டு.

வஞ்சிரம் ஏன் விலை அதிகம், மத்தி ஏன் குறைவு?

கடல்ல செத்து அடியில இறங்குறது எல்லாம் அங்கேயே மக்கி உரமாகுது. நைட்ரேட், பாஸ்பேட், சிலிகேட்னு வயலுக்குப் போடற சங்கதிகள்தான். ஆனா வெளிச்சம் மேலே, உரம் கீழே. ரெண்டும் சந்திக்காத கடல், நீலமா அழகா இருக்கும், மீன் குறைவா இருக்கும். அடிநீர் மேலே வர்ற இடத்துல மட்டும் உரமும் வெயிலும் சேருது. நுண்ணிய தாவர மிதவைகள், அதாவது பிளாங்டன், சில நாள்லயே பெருகித் தண்ணியைப் பச்சையாக்குது. அதுல டயாட்டம்னு ஒரு வகை, கண்ணாடி மாதிரி ஓடு கட்டிக்கிற ஒற்றைச் செல் உயிரி. ‘ஃப்ராஜிலேரியா ஓஷியானிகா’ங்கிற டயாட்டம் பெருகினா மத்தி வரத்து இருக்கும்னு நாயர், சுப்ரமணியன் ங்கிற ரெண்டு ஆய்வாளர்கள் 1955-லயே எழுதிட்டாங்க.

மத்தி இந்த மிதவைகளையே வடிகட்டிச் சாப்பிடுது. வஞ்சிரத்துக்கு அப்படி இல்லை. மிதவையைச் சின்ன உயிர் தின்னு, அதைச் சின்ன மீன் தின்னு, அந்த மீனை வஞ்சிரம் தின்னணும். ஒவ்வொரு படியிலயும் உணவுச் சக்தியில ஏறக்குறைய பத்துல ஒரு பங்குதான் அடுத்த படிக்குப் போகும். அதனாலதான் கடல்ல மத்தி கூட்டங்கூட்டமா இருக்கு, வஞ்சிரம் எண்ணி எடுக்கிற மாதிரி இருக்கு. விலை வித்தியாசத்துக்கு ருசி மட்டும் காரணம் இல்லை.

இதுலயே மத்தியோட பலவீனமும் இருக்கு. காத்துக்கும் மத்திக்கும் நடுவுல ஒரே ஒரு படிதான். காத்து தப்பினா மிதவை தப்பும், மிதவை தப்பினா அந்த வருஷமே மத்தி தப்பும். ஏழை வீட்டு மீன்தான் பருவத்தோட அடியை முதல்ல வாங்குது.

நூறு கூடை வந்த இடத்துல ஒரு கூடை

அடியோட அளவைப் பார்க்கணுமா? 2012-ல கேரளத்துல பிடிச்ச மத்தி கிட்டத்தட்ட 4 லட்சம் டன். 2021-ல சுமார் 3,500 டன். நூறு கூடை இறங்கின துறையில ஒரு கூடைகூட முழுசா நிறையலைங்கிற கணக்கு. 1947-ல ஆரம்பிச்சு இப்போ கொச்சியில இருக்கிற மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தோட புள்ளிவிவரம் இது. அதிகமா பிடிச்சது ஒரு காரணம். 2015-16-ல வந்த வலுவான எல் நினோ மாதிரி கடலையே புரட்டிப் போட்ட மாற்றங்கள் இன்னொண்ணு. எது எத்தனை பங்குன்னு பிரிச்சுச் சொல்றது ஆய்வாளர்களுக்கே கஷ்டம். மீன் குறைஞ்சதும் மொத்தப் பழியையும் படகுக்காரங்க தலையில கட்டறது நம்ம ஊர்ல சுலபமா நடக்குது, அது முழு உண்மை இல்லை.

அப்புறம் 2024 வந்துச்சு. மழையும் மேலெழுச்சியும் சரியா அமைஞ்சு, மத்திக் குஞ்சுகள் அளவில்லாமப் பிழைச்சுது. ‘மத்தி திரும்பி வந்தாச்சு’ன்னு செய்திகள். நல்ல சேதிதானேன்னு தோணும். ஆனா மிதவைப் பந்தியில உட்கார்ந்த கூட்டம் ரொம்பப் பெரிசு, சாப்பாட்டை எல்லாரும் பங்கு போட்டதுல யாருக்குமே போதலை. மத்தி வளரவே இல்லை, பத்து சென்டிமீட்டர் பக்கத்துலயே நின்னுடுச்சு. முள்ளும் தோலுமா இருக்கிற மீனை யார் வாங்குவா? விலை 20 ரூபாய்க்கு விழுந்த கதை இதுதான். வலை நிறைஞ்சும் டீசல் காசுக்கு யோசிக்க வேண்டிய நிலைமை. பத்து சென்டிமீட்டருக்குக் குறைவான மத்தியைப் பிடிக்கக்கூடாதுன்னு கேரளத்துல சட்டம் வேற. எடை இல்லாத மீன் மீன்தூள் ஆலைக்குப் போய் தீவனமாகுது. நாளைக்கு வளர்ந்து சட்டிக்கு வந்திருக்க வேண்டியது, இன்னைக்கு இறாலுக்கும் கோழிக்கும் சாப்பாடு.

ஆக, மேலெழுச்சி அதிகமானா மீன் அதிகம்ங்கிற நேர்க்கணக்கு கடல்ல செல்லாது. காத்து பலமா அடிச்சாலும் ஆபத்துதான். மிதவையும் மீன் குஞ்சும் சேர்ந்து நடுக்கடலுக்கு அடிச்சுட்டுப் போயிடும். பெரு, கலிஃபோர்னியா, மேற்கு ஆப்பிரிக்கக் கரைகளை ஆராய்ஞ்ச குரி, ராய்னு ரெண்டு பேர் 1989-லயே சொன்னது இது: நொடிக்கு 5, 6 மீட்டர் வேகக் காத்துலதான் குஞ்சுகள் நல்லா பிழைக்குது, அதுக்குக் கீழே போனா பட்டினி, மேலே போனா அடிச்சுட்டுப் போகும்.

பெரு நாட்டைப் பார்த்தாலே இந்தச் சூதாட்டம் புரியும். நெத்திலி வகை மீன் 1970-ல மட்டும் அங்கே 1 கோடியே 20 லட்சம் டன்னுக்கு மேல பிடிபட்டுச்சு. அளவுக்கு மீறின பிடியும் 1972-73 எல் நினோவும் சேர்ந்து அதைச் சரிச்சுது. 2023-ல மறுபடி எல் நினோ. முக்கியமான வடக்கு-மத்தியக் கடல்ல வருஷத்தோட முதல் மீன்பிடிப் பருவத்தையே அந்த அரசு ரத்து பண்ணிடுச்சு. உலகம் முழுக்க மீன்தூள் விலை எகிறுச்சு.

நம்ம பக்கக் கடல்ல என்ன நடக்குது?

ஜூன், ஜூலை வெயில்ல கோவளம் பக்கம் கடல்ல கால் நனைச்சவங்க, சில நாள்ல தண்ணி சில்லுன்னு இருந்ததைக் கவனிச்சிருக்கலாம். தென்மேற்குக் காத்து தமிழகக் கரைக்கு இணையா வடக்கு நோக்கி அடிக்கும்போது இங்கேயும் வலப்பக்கம் கடல்தான், அதனால இங்கேயும் அடிநீர் ஏறுது. கல்பாக்கம் பக்கக் கடல்ல விஞ்ஞானிகள் இதை அளந்திருக்காங்க. ஆனா மேற்குக் கரை அளவுக்கு வலு இல்லை. வங்காள விரிகுடாவுல வடக்கே போகப் போக கங்கை, பிரம்மபுத்திரா, மகாநதி, கோதாவரின்னு ஆறுகள் கொட்டுற நல்ல தண்ணி, உப்புத் தண்ணி மேல போர்வை மாதிரி படுத்துக்குது. அந்தப் போர்வையைக் கிழிச்சு உரத்தை மேலே கொண்டுவர காத்துக்குத் தெம்பு போதறதில்லை.

மீன்பிடித் தடைக்காலத்துலயும் இந்த ரெண்டு கடல் வித்தியாசம் தெரியும். கிழக்குக் கரைக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மேற்குக் கரைக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. குமரி மாவட்டம் ஒண்ணே, அதுக்குள்ளயே ரெண்டு நாள்காட்டி.

பிளாங்டன் பெருகினா எப்பவும் விருந்துன்னும் இல்லை. 2019 ஆகஸ்ட்ல திருவான்மியூர், ஈ.சி.ஆர் பக்கம் ராத்திரியில அலைகள் நீலமா மின்னினதை வீடியோ எடுத்துப் போட்டோமே, அது ‘நாக்டிலூக்கா’ங்கிற மிதவை உயிரி. அடுத்த மாசமே மன்னார் வளைகுடாவுல கடல் பச்சையாச்சு, மண்டபம் பக்கம் மீன்கள் செத்து ஒதுங்கிச்சு. அதுவும் நாக்டிலூக்காதான். மிதவை அளவுக்கு மீறிப் பெருகி மக்கும்போது தண்ணியில இருக்கிற ஆக்சிஜன் தீர்ந்துடும். அரபிக்கடல்ல ஏறி வர்ற அடிநீர்லயே ஆக்சிஜன் குறைவு, பருவத்தோட பிற்பகுதியில மேற்குக் கரையோரமே மூச்சுத் திணறும்.

இது எல்லாத்துக்கும் மேல, கடல் சூடாகுது. மேலே சூடான லேசான தண்ணி, கீழே குளிர்ந்த கனமான தண்ணி. வித்தியாசம் கூடக் கூட ரெண்டும் கலக்க மறுக்குது. மேற்கு இந்தியப் பெருங்கடல்ல அறுபது வருஷத்துல தாவர மிதவைகள் 20 சதவிகிதம் வரை குறைஞ்சிருக்கலாம்னு புனே வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த ராக்ஸி மேத்யூ கோல் குழு 2016-ல எழுதினாங்க.

காத்தை நாம நிறுத்தவோ திருப்பவோ முடியாது. ஆனா சில முடிவுகள் மனுஷங்க கையிலதான் இருக்கு. குமரி முனைக்குத் தெற்கே, மேலெழுச்சி செழிக்கிற பகுதியில இருக்கிற மீன்வளத் திட்டு ‘வெட்ஜ் பேங்க்’. 1976-ல இலங்கையோட போட்ட ஒப்பந்தப்படி அது இந்தியாவோடது. குமரிக்கு அப்பால் சுமார் 27,000 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள மூணு ஆழ்கடல் வட்டாரங்கள்ல எண்ணெய், எரிவாயு தேட ஓ.என்.ஜி.சி-க்குக் கொடுக்கப்பட்டதை எதிர்த்து 2025-ல மீனவர்கள் போராடினாங்க. குமரி மாவட்டத்துச் செய்தியா மட்டுமே அது நம்மகிட்ட வந்து சேர்ந்துச்சு. மத்தி பிழைக்கிறதும் சாகறதும் சில வாரக் காத்துல முடிவாகுதுன்னா, அந்த நீர் ஏறுற இடத்துல என்ன செய்யலாம், என்ன செய்யக்கூடாதுங்கிறதைப் பத்திப் பேச கடற்கரை இல்லாத மாவட்டத்துக்கும் உரிமை உண்டுன்னுதான் நான் நினைக்கிறேன். சாப்பிடறது நாமளும்தானே.

அடுத்த முறை மீன் வாங்கும்போது மத்தியோட நீளத்தைப் பாருங்க. உள்ளங்கை அகலம் தாண்டி, வயிறு தடிச்சு, குழம்புல எண்ணெய் மிதக்கிற மாதிரி இருந்தா நாலு மாசம் அதுக்கு நல்ல சாப்பாடு கிடைச்சிருக்குன்னு அர்த்தம். விரல் நீளத்துல கூறு கட்டி மலிவா வெச்சிருந்தா, வேற மீன் என்ன இருக்குன்னு கேளுங்க.