ஏசி வாங்குறதுக்கு முன்னாடி மெத்தையைப் பாருங்க: தருமபுரி வீடுகள் ராத்திரியிலும் ஏன் கொதிக்கின்றன?

தருமபுரியின் மே மாத ராத்திரி சென்னையைப் போன்றதல்ல. கடல் இல்லை, புழுக்கம் குறைவு. பகலில் வெயில் எவ்வளவு கொளுத்தினாலும், பொழுது சாய்ந்த பிறகு வெளியே காற்று இதமாகிவிடும். பென்னாகரம், பாலக்கோடு, அரூர் என்று எந்தப் பக்கம் போனாலும் இரவு எட்டு மணிக்கு மேல் திண்ணையிலும் வாசலிலும் கட்டிலைப் போட்டு ஜனம் உட்கார்ந்திருப்பதற்குக் காரணம் அதுதான். இன்னொரு காரணமும் உண்டு. உள்ளே இருக்க முடியவில்லை.

"வெளிய ஜில்லுனு இருக்குது, உள்ள போனா அடுப்பாட்டம் கொதிக்குது" என்ற புலம்பல் இங்கே கோடைதோறும் கேட்பதுதான். பெங்களூருவிலோ ஓசூரிலோ வேலை பார்க்கும் பிள்ளைகள் இதற்குக் கண்டுபிடித்திருக்கும் தீர்வு, ஊரில் இருக்கும் அப்பா அம்மாவுக்கு இஎம்ஐயில் ஒரு ஏசி. பாசத்தில் குறை சொல்ல முடியாது. ஆனால் பணம் முதலில் போக வேண்டிய இடம் அதுவல்ல. வீட்டைக் கொதிக்க வைப்பது காற்று இல்லை, தலைக்கு மேல் இருக்கும் கூரை. அதைச் சரிசெய்யாமல் மாட்டும் ஏசி, அடுப்பை அணைக்காமல் விசிறுவது போலத்தான்.

சூரியன் நேர் உச்சியில்

தருமபுரி ஏறக்குறைய 12 டிகிரி வடக்கு அட்சரேகையில் இருக்கிறது. ஏப்ரல் மூன்றாம், நான்காம் வாரத்தில் நண்பகல் சூரியன் இங்கே சரியாக உச்சந்தலைக்கு மேல் வரும். அதற்குப் பின் மே முழுக்க உச்சியை விட்டு அதிகம் விலகுவதும் இல்லை. கோடை நண்பகலில் சுவர்கள் மேல் வெயில் அவ்வளவாக விழாது, காலையில் கிழக்குச் சுவரும் மாலையில் மேற்குச் சுவரும் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். நாள் முழுக்க நேரடியாக வாங்குவது கூரைதான்.

எவ்வளவு வாங்குகிறது? மேகமில்லாத நண்பகலில் ஒரு சதுர மீட்டரில் விழும் வெயில் சுமார் 1,000 வாட். 300 சதுர அடி மெத்தை என்பது ஏறக்குறைய 28 சதுர மீட்டர். ஆக, அந்தச் சின்ன வீட்டின் மேல் 28 கிலோவாட். மெத்தை மேல் 28 இஸ்திரிப்பெட்டிகளை வரிசையாக வைத்து சுவிட்சைப் போட்ட மாதிரி. பல மழை கண்டு கறுத்துப்போன கான்கிரீட் இதில் கால்வாசியைத்தான் திருப்பி அனுப்பும், மிச்சத்தைக் குடித்துவிடும். குடித்த சூடு எல்லாமே வீட்டுக்குள் இறங்குவதில்லை. பெரும்பகுதியைக் காற்று கொண்டுபோய்விடுகிறது. ஆனாலும் ஒரு டன் ஏசி வெளியே தள்ளும் வெப்பம் சுமார் 3.5 கிலோவாட்தான் என்பதை இந்த 28-க்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், எது எதோடு மோதுகிறது என்று புரியும்.

அடுத்தது, கான்கிரீட்டின் குணம். நாலைந்து அங்குல கனத்தில் இருக்கும் ஸ்லாப் சூட்டை உடனே கீழே விடாது. வாங்கி வைத்துக்கொண்டு சில மணி நேரம் கழித்துத்தான் இறக்கும். மத்தியானம் ஒரு மணி வெயில் சாயங்காலத்துக்கு மேல்தான் அறைக்குள் வந்து சேர்கிறது. வெளியே காற்று குளிரும் நேரம் பார்த்து உள்ளே சூடு ஏறுவது இப்படித்தான். அந்த நேரத்தில் ஃபேன் போட்டால் அது மேலே தேங்கிய அனலைக் கீழே இழுத்து முகத்தில் அடிக்கிறது. போதாததற்கு, நம் தோலைவிடச் சூடான கூரை நெருப்புக் கணப்பைப் போல உடம்பின் மேல் வெப்பத்தை வீசிக்கொண்டே இருக்கும். தெர்மாமீட்டர் காட்டும் அளவைவிட உடம்பு உணரும் சூடு அதிகமாக இருப்பது இதனால்தான்.

கீற்றுக்குத் தெரிந்தது

குளிர் நாடுகளில் பழைய வீடு வாங்குகிறவர்கள் முதலில் ஏறிப் பார்ப்பது கூரைக்குக் கீழே இருக்கும் பரணை. டொராண்டோவில் வீடு வாங்கிய தமிழர்களுக்கு இது நன்றாகவே தெரியும். அங்கே பரண் தரையில் கண்ணாடி இழைப் பஞ்சைக் கனமாகப் பரப்பி வைப்பார்கள், ஹீட்டர் சூடு மேலே ஓடிவிடாமல் இருக்க. அந்தப் பஞ்சின் வேலை ஒன்றே ஒன்றுதான்: காற்றை அசையாமல் பிடித்து வைப்பது. அசையாத காற்று வெப்பத்தைச் சுலபத்தில் கடத்தாது.

இதே வேலையைத்தான் இங்கே தென்னங்கீற்றும் கரும்புத் தோகையும் செய்துவந்தன. அடுக்கடுக்காக வேய்ந்த கூரைக்குள் சிக்கிய காற்றுதான் குடிசையின் குளுமை. நாட்டு ஓட்டு வீடுகளில் ஓட்டு இடுக்கு வழியாகச் சூடான காற்று மேலேறிப் போய்விடும். கொஞ்சம் வசதியான வீடுகளில் ஓட்டுக்குக் கீழே பலகை அடித்து, மேலே மண் பரப்பி மச்சு கட்டினார்கள். ராகியும் நெல்லும் மேலே இருந்தன, கீழே ஆள் நிம்மதியாகத் தூங்கினார். கூரை மேல் சுரைக்கொடியும் பூசணிக்கொடியும் ஏற்றிவிட்டது காய்க்காகத்தான், ஆனால் நிழலும் சேர்ந்தே கிடைத்தது.

இதைச் சொன்னதும் "அந்தக் காலத்து வீடு மாதிரி வருமா" என்று உருகுவதற்குச் சிலர் தயாராகிவிடுவார்கள். வேண்டாம். குடிசையில் இருந்தவர்களுக்குத்தான் தெரியும், ஒரு தீப்பொறியும் ஒரு ஐப்பசி மழையும் என்ன செய்யும் என்று. மெத்தை வீடு என்பது இந்த மாவட்டத்தில் இன்றைக்கும் ஒரு குடும்பத்தின் மானம். 2010-இல் கலைஞர் வீடு வழங்கும் திட்டம், 2011-இல் சூரிய சக்தி பசுமை வீடுகள் திட்டம், 2024-இல் தொடங்கிய கலைஞரின் கனவு இல்லம் என்று அரசுகள் மாறினாலும் குடிசையைக் கான்கிரீட்டாக்கும் வேலை நிற்கவில்லை. அது சரியான வேலை. குறை எங்கே என்றால், ஸ்லாப் போட்டதோடு கூரை முடிந்துவிட்டது என்று எல்லோரும் நினைத்துக்கொண்டதில்தான்.

முன்பு ஸ்லாப் போட்டால், அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, இடித்து, தட்டோடு பதிப்பார்கள். மழைநீரை வடிப்பதோடு, வெப்பத்தைத் தடுப்பதும் அதன் வேலை. இன்று அந்த வேலை தெரிந்த கொத்தனார் குறைவு, நாளும் கூலியும் அதிகம். பணம் தீரும் இடத்தில் முதலில் வெட்டப்படுவது மெத்தை வேலைதான். சிமெண்ட் பால் ஊற்றி விட்டுவிடுகிறார்கள். கீழே டைல்ஸ் பளபளக்கும், மேலே மொட்டைக் கான்கிரீட்.

வெள்ளை அடித்தால் போதுமா?

பெரும்பாலான வீடுகளுக்கு, தொடங்குவதற்குப் போதும். புதிதாக அடித்த சுண்ணாம்பு வெயிலில் ஏறக்குறைய முக்கால்வாசியைத் திருப்பி அனுப்பும். உறிஞ்சும் சூடு மூன்றில் ஒரு பங்காகக் குறைகிறது என்று வைத்துக்கொள்ளலாம். இது யாரோ கம்பெனிக்காரர் சொல்லும் கதை அல்ல. 2010 வெப்ப அலையில் அடிபட்ட அகமதாபாத், 2013-இல் தெற்காசியாவிலேயே முதல் வெப்பச் செயல்திட்டத்தைக் கொண்டுவந்தது. 2017-இல் ஏழை மக்களின் கூரைகளுக்கு வெள்ளை அடிக்கும் வேலையைத் தொடங்கியது. தெலங்கானா 2023-இல் குளிர் கூரைக்கென்றே ஒரு கொள்கையை வெளியிட்டு, 2028-க்குள் 300 சதுர கிலோமீட்டர் கூரையை மாற்றுவது என்று இலக்கு வைத்திருக்கிறது. தமிழ்நாட்டிலும் அரசுப் பள்ளிகளில் கூல் ரூஃப் பூச்சு தொடங்கியிருக்கிறது.

சுண்ணாம்பின் பலவீனம் மழை. ஒரு பருவம் தாங்கும், அடுத்த வருஷம் மறுபடி அடிக்க வேண்டும். தூசி படிந்தாலும் பலன் குறையும். கொஞ்சம் கூடுதலாகச் செலவழிக்க முடிந்தால் கூல் ரூஃப் பெயிண்ட். கடையில் 'ஒயிட் எக்ஸ்டீரியர்' என்று கொடுப்பதை வாங்கி வந்துவிடக் கூடாது. டப்பாவில் எஸ்ஆர்ஐ எண் எவ்வளவு என்று கேட்க வேண்டும். வெயிலைத் திருப்புவதையும், உறிஞ்சிய சூட்டை வெளியே விடுவதையும் சேர்த்துச் சொல்லும் எண் அது. எவ்வளவு கூடுதலோ அவ்வளவு நல்லது. எண்ணே இல்லாத டப்பாவுக்குக் கூடுதல் விலை கொடுக்கத் தேவையில்லை.

அப்படியானால் பஞ்சு, ஃபோம் ஷீட் போன்ற வெப்பத்தடுப்புகள்? ஏசி ஓடும் அறைக்கு அவை நல்லவை. ஏசி இல்லாத வீட்டில் யோசித்துச் செய்ய வேண்டும். தடுப்பு என்பது இரண்டு பக்கமும் தடுக்கும். ஜன்னல் வழியாகவும் சமையலாலும் உள்ளே சேர்ந்த சூடு ராத்திரி கூரை வழியாக வெளியேறவும் முடியாது. தருமபுரி மாதிரி இரவு குளிரும் ஊரில் ஜன்னலைப் பகலில் மூடி ராத்திரி திறந்து வைப்பது அந்தத் தடுப்போடு சேர்ந்தே நடக்க வேண்டும். தடுப்பு வைப்பதென்றால் ஸ்லாபுக்கு மேலே வைப்பதுதான் நல்லது. அப்போதுதான் கான்கிரீட்டே சூடாகாமல் இருக்கும். கீழே ஃபால்ஸ் சீலிங் போட்டால் பார்க்க அழகு, ஸ்லாப் என்னவோ மேலே கொதித்துக்கொண்டுதான் இருக்கும்.

மார்கழிப் பனியில் வெள்ளைக் கூரை வீட்டை இன்னும் குளிர வைக்காதா என்ற கேள்வியும் வரும். கொஞ்சம் குளிர வைக்கும். ஒரு கம்பளியில் தீர்கிற குளிர் அது. மே மாதச் சூடு அப்படித் தீர்வதில்லை.

சாயங்காலம் மெத்தையில் தண்ணீர் ஊற்றுவது ஊர் முழுக்க உள்ள பழக்கம். பலன் தரும், சந்தேகமில்லை. ஆனால் நிலத்தடி நீரில் புளோரைடு என்று சொல்லி ஒகேனக்கலிலிருந்து காவிரித் தண்ணீரைக் குழாய் போட்டுக் கொண்டுவந்த மாவட்டம் இது. அந்தத் தண்ணீரை சிமெண்டுக்கு ஊற்றுவது மனசுக்கு ஒப்பவில்லை. வெடிப்பு வழியாக இறங்கிக் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும் என்பது தனிக்கதை.

சீட் வீட்டில் இருப்பவர்கள்

கான்கிரீட்டாவது சூட்டைத் தாமதமாகத் தருகிறது. சிமெண்ட் சீட்டும் தகரமும் உடனே தந்துவிடும். இங்கேதான் வெள்ளைப் பூச்சின் வித்தியாசம் உடனடியாகத் தெரியும். எச்சரிக்கையும் இங்கேதான் வேண்டும். பழைய ஆஸ்பெஸ்டாஸ் சீட்டைக் கம்பி பிரஷ்ஷால் தேய்ப்பது, ஓட்டை போடுவது, அறுப்பது எல்லாம் ஆபத்து. அந்த இழைத்தூசி நுரையீரலில் புற்றுநோயை உண்டாக்கும். நனைத்து, மெதுவாகத் துடைத்து, அதன் மேல் அடிக்க வேண்டும். அது மேலே ஏறினால் ஆள் பாரம் தாங்காமல் உடைகிற பொருள் என்பதால் பலகை போட்டுத்தான் ஏற வேண்டும். சீட்டுக்குக் கீழே தெர்மாகோல் ஒட்டுகிற வழக்கம் பரவுகிறது. தீப்பிடித்தால் மளமளவென்று எரியும் பொருளை அடுப்புக்கு மேல் தொங்கவிடுவது குடிசையை விடப் பெரிய வம்பு.

சீட் வீட்டில் யார் இருக்கிறார்கள் என்பது அடுத்த கேள்வி. நகரங்களில் மொட்டை மாடி சீட் அறை பெரும்பாலும் வாடகைக்குத்தான். கூரை வீட்டு ஓனருடையது, வேர்வையும் கரண்ட் பில்லும் குடியிருப்பவருடையது. பூச்சு அடித்தால் பலன் ஓனருக்கு இல்லை என்பதால் அவர் அடிக்க மாட்டார். நாளைக்குக் காலி செய்யும் வீட்டுக்கு நாம் ஏன் செலவு செய்ய வேண்டும் என்று இவரும் அடிக்க மாட்டார். அட்வான்ஸ் பேசும்போதே கூரைப் பூச்சையும் பேசிவிடுவது ஒரு வழி. செலவை வாடகையில் கழித்துக்கொள்ளக் கேட்டால் ஒத்துக்கொள்கிற ஓனர்களும் இருப்பார்கள்.

ஏசியே வேண்டாம் என்பதல்ல வாதம். வயசானவர்கள், கைக்குழந்தைகள் இருக்கும் வீட்டில் அது தேவைப்படலாம். ஆனால் கூரையைச் சரிசெய்த வீட்டில் அதே ஏசி குறைந்த நேரமே ஓடும். இரண்டு மாத பில்லில் முதல் 100 யூனிட் இலவசம், 500-ஐத் தாண்டினால் கட்டண வீதமே மாறுகிறது என்று இருக்கும் மாநிலத்தில் அந்த வித்தியாசம் சின்னதில்லை. சோலார் போட நினைப்பவர்களுக்கு ஒரு கூடுதல் லாபம்: பிரதமரின் சூர்ய கர் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் வரை மானியம் கிடைக்கிறது, பேனல் விழுத்தும் நிழல் அதற்கு மேல் இலவசம்.

அரசு செய்யக்கூடியது

2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெப்பத்தால் உயிரிழந்தவரின் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம். இறந்த பிறகு கொடுப்பதற்கு விதி வந்துவிட்டது. இருக்கும்போது கூரைக்குச் செலவழிக்க விதி வேண்டும்.

அதற்குப் புதிதாக ஒரு திட்டம்கூடத் தேவையில்லை. 2000-01-க்கு முன் அரசுத் திட்டங்களில் கட்டிய இரண்டரை லட்சம் ஊரக வீடுகளை 2,000 கோடி ரூபாயில் பழுதுபார்ப்பதாக 2024-இல் அறிவிக்கப்பட்டது. கனவு இல்லத்தில் ஒரு வீட்டுக்கு 3.5 லட்சம் ரூபாய், 360 சதுர அடியில் 300 சதுர அடி கான்கிரீட் கூரை. 2030-க்குள் எட்டு லட்சம் வீடுகள் இலக்கு. இந்த இரண்டு மதிப்பீட்டுப் பட்டியலிலும் 'கூரை மேல் வெப்பத்தடுப்புப் பூச்சு' என்று ஒரு வரி சேர்த்து, கடைசித் தவணை அதைப் பார்த்த பிறகே என்று சொல்லிவிட்டால், தருமபுரியின் ஒவ்வொரு ஒன்றியத்திலும் அதைச் செய்ய ஆள் தானாக உருவாகும். சாரமும் கொத்தனாரும் ஏற்கெனவே மேலே நிற்கும்போது அடிப்பதற்கும், பிறகு தனியாக ஆள் தேடி அடிப்பதற்கும் செலவில் உள்ள வித்தியாசத்தை எந்த மேஸ்திரியும் சொல்வார்.

வீட்டில் தாங்களே அடிக்க நினைப்பவர்கள் கத்திரி பிறக்கும்வரை காத்திருக்க வேண்டாம். தை மாதம் மெத்தையைப் பெருக்கிக் கழுவி, வெடிப்பை அடைத்து, மாசிக்குள் இரண்டு கோட் அடித்துவிடலாம். சுண்ணாம்பு கண்ணில் பட்டால் புண்ணாக்கும், கண்ணாடியும் கையுறையும் கட்டாயம். பழைய ஸ்லாபில் கம்பி வெளியே தெரிகிறது, காரை உதிர்கிறது என்றால் தட்டோடு, மாடித்தோட்டம் என்று பாரம் ஏற்றுவதற்கு முன் ஒரு இன்ஜினியரைக் கூப்பிட்டுக் காட்டிவிட வேண்டும். வெறும் பூச்சுக்கு அந்தக் கவலை இல்லை.