தகுந்த கேள்வி எது?

காலை வேளையில் நம் பெங்களூர் மெட்ரோ இரயிலில் சென்றால், கையில் கோப்புடன் தமக்குள் ஏதோ சொல்லிப் பார்த்துக்கொண்டு வரும் இளைஞர் ஒருவரையேனும் காணலாம். அவர் நேர்முகத் தேர்வுக்குச் செல்பவர். "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்", "எங்கள் நிறுவனத்தில் சேர ஏன் விரும்புகிறீர்கள்?", "உங்களிடம் உள்ள குறை என்ன?" என்னும் கேள்விகளுக்கு விடைகளை மனப்பாடம் செய்துகொண்டிருப்பார். இவை எங்கும் கேட்கப்படும் கேள்விகள். குறையைப் பற்றிக் கேட்டால், "அளவுக்கு மீறி உழைத்துவிடுவேன்" என்பதே பலர் கூறும் விடை. சொல்பவரும் அதை நம்புவதில்லை, கேட்பவரும் நம்புவதில்லை.

சில நிறுவனங்களில் வியப்பான கேள்விகளும் வரும். "பெங்களூரில் எத்தனை ஆட்டோக்கள் ஓடுகின்றன?" என்று திடீரெனக் கேட்பார்கள். சரியான எண் அங்கே தேவையில்லை. நகரின் மக்கள்தொகை எவ்வளவு, அவர்களுள் எத்தனை பேர் நாள்தோறும் ஆட்டோவில் செல்வர், ஓர் ஆட்டோ ஒரு நாளில் எத்தனை முறை சவாரி போகும் எனப் படிப்படியாகக் கணக்கிடுகிறோமா என்றே பார்க்கிறார்கள். கணக்கிட்டு முடிவெடுக்க வேண்டிய பணிக்கு இது பொருந்தும். ஆனால் வெறும் புதிர் போடுவதால் பயனில்லை. புதிர்க் கேள்விகளுக்குப் பெயர் பெற்ற கூகுள் நிறுவனத்தின் பணியாளர் துறைத் தலைவராக இருந்த லாஸ்லோ பாக் என்பவரே, அவை காலத்தை வீணாக்குபவை என்று 2013ஆம் ஆண்டில் வெளிப்படையாகக் கூறினார்.

கேள்வி எளிதா, கடினமா என்பது பெரிதன்று. அது அந்த வேலைக்கு உரியதா என்பதே பெரிது என்பது என் கருத்து.

இந்திய ஆட்சிப் பணியில் சேர்ந்த முதல் பெண்மணி அன்னா ராஜம். கேரளத்தில் பிறந்து, சென்னையில் பயின்று, 1951ஆம் ஆண்டில் பணியில் சேர்ந்தவர். நேர்முகத் தேர்வில் அவருடைய திறமையை ஆராய வேண்டிய குழுவினர், பெண்களுக்கு ஏற்றவை வேறு பணிகளே என்று கூறி அவருடைய மனத்தை மாற்ற முயன்றனர். அவர் இணங்கவில்லை, தாம் விரும்பிய பணியையே வேண்டிப் பெற்றார். ஆயினும், திருமணம் செய்துகொண்டால் பணி முடிவுக்கு வரும் என்னும் நிபந்தனை அவருடைய நியமன ஆணையில் இருந்தது! அந்த விதி பின்னர் நீக்கப்பட்டது. அவர் துணை ஆட்சியராகப் பொறுப்பேற்ற ஊர் வேறெதுவுமன்று. நமக்கு அருகிலுள்ள ஓசூர்தான்.

இருபது ஆண்டுகளுக்கு மேல் கழிந்தபின், இதே பெங்களூரில் இன்னொரு செய்தி. 1974இல் இந்திய அறிவியல் கழகத்தின் அறிவிப்புப் பலகையில் டெல்கோ நிறுவனத்தின் விளம்பரம் ஒன்று இருந்தது. பெண்கள் விண்ணப்பிக்க வேண்டா என்பது அதன் கடைசி வரி. அங்கே பயின்ற சுதா என்னும் மாணவி சினங்கொண்டு, ஜே.ஆர்.டி. டாட்டாவுக்கே ஓர் அஞ்சலட்டை எழுதினார். சில நாள்களில் புனேயில் நடைபெறும் நேர்முகத் தேர்வுக்கு வருமாறு தந்தி வந்தது. தொழில்நுட்பக் கேள்விகள் அனைத்துக்கும் அவர் விடையளித்தார். தொழிற்கூடத்தில் பெண்களை இதுவரை அமர்த்தியதில்லை என்று குழுவிலிருந்த முதியவர் ஒருவர் விளக்கியபோது, எங்கேனும் தொடங்கித்தானே ஆக வேண்டும் என்று கேட்டாராம். வேலை அவருக்குக் கிடைத்தது. பின்னாளில் எழுத்தாளராகப் புகழ்பெற்ற சுதா மூர்த்தி இவரே. வினாடி நேரத்தில் எழுதி முடிக்கும் அஞ்சலட்டைக்கு அத்தனை வலிமை!

நமக்கும் இந்த அளவுகோல் பொருந்தும். "கன்னடம் தெரியுமா?" என்று கேட்டால் தமிழ் வீட்டுப் பிள்ளைகளுள் சிலர் மனம் வருந்துவதுண்டு. அது தேவையற்ற வருத்தம். இந்நகரின் மருத்துவமனையிலோ வங்கியிலோ பணிபுரிபவர் எதிரே நிற்கும் முதியவரோடு அவர் மொழியில் பேசியாக வேண்டும். ஆகவே அது வேலைக்கு உரிய கேள்விதான். விடை சொல்ல இயலாவிட்டால் கற்றுக்கொள்வதே முறை. "உங்கள் குடும்பம் எந்த ஊரிலிருந்து வந்தது?" என்பது அப்படிப்பட்டதன்று. அரசுப் பணிகளில் பாலினம், பிறந்த இடம் போன்றவற்றைக் காரணமாகக் காட்டி எவரையும் ஒதுக்கலாகாது என அரசமைப்புச் சட்டத்தின் 16ஆம் பிரிவு கூறுகிறது. தனியார் நிறுவனங்களும் அதைப் பின்பற்றினால் என்ன குறைந்துவிடும்?

என் தமக்கையின் மகள் கணக்கியல் படித்தவள். முதன்முதலாக அவள் சென்ற ஓர் அலுவலகத்தில், "திருமணம் ஆனதும் தமிழ்நாட்டுக்குத் திரும்பிவிடுவீர்களா?" என்று கேட்டார்கள். "ஐயா, நான் அல்சூரில் பிறந்தவள். எங்கே திரும்புவது?" என்றாள். அந்த வேலை அவளுக்குக் கிடைக்கவில்லை. வீட்டில் எல்லோரும் அவளைக் கடிந்துகொண்டோம், நானும்தான். அடுத்த மாதம் வேறோர் அலுவலகத்தில் பேரேட்டின் இரண்டு பக்கங்களை அவள்முன் வைத்து, "இதில் ஒரு பிழை இருக்கிறது, கண்டுபிடியுங்கள்" என்றார்கள். அவள் இரண்டு பிழைகளைக் காட்டினாள். இப்போது அங்கேதான் பணியாற்றுகிறாள்.