பத்து இடத்துக்குள் பன்னிரண்டு இலக்கம்

வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைப் பக்கம் பாடசாலை, பள்ளிவாசல், டியூஷன் வகுப்புகளுக்கு மென்பொருள் செய்து கொடுக்கும் தம்பி, தங்கச்சிமாருக்கும், அதை வாங்கும் நிர்வாகத்தினருக்கும் இந்தப் பதிவு.

2016இல் தேசிய அடையாள அட்டை இலக்கம் மாறியது நம் எல்லோருக்கும் தெரியும். அதுவரை ஒன்பது இலக்கமும் கடைசியில் 'வி' அல்லது 'எக்ஸ்' எழுத்தும். அதன் பிறகு எழுத்தே இல்லாமல் 12 இலக்கம். நமக்கு இது சின்ன மாற்றம். ஆனால் பத்து எழுத்துக்கு மட்டும் இடம் ஒதுக்கிய தரவுத்தளத்தில் அந்த நிரலை யாராவது அகலமாக்கியே ஆக வேண்டும்.

மென்பொருளைப் புதுப்பித்த பின், யாரோ பழைய பேக்கப்பை எடுத்துப் போட்டுவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். நிரல் மறுபடி பத்து இடத்துக்குச் சுருங்கிவிடும். மைஎஸ்கியூஎல் கடுமையான முறையில் ஓடாவிட்டால், முதல் பத்தை மட்டும் சேமித்து, யாரும் பார்க்காத ஓர் எச்சரிக்கையோடு விட்டுவிடும். (2015இல் வந்த 5.7 பதிப்பிலிருந்துதான் கடுமையான முறை இயல்பாகவே இயங்குகிறது.)

வெட்டுப்படுவது எது? 12 இலக்கத்தில் முதல் நான்கு பிறந்த வருடம், அடுத்த மூன்று வருடத்தின் எத்தனையாவது நாள் என்பது. பெண் பிள்ளைகளுக்கு அதோடு 500 கூட்டப்படும். ஆகவே ஒரே நாளில் பிறந்த இரட்டைச் சகோதரிகளுக்கு முதல் ஏழும் ஒன்றுதான். இருவரையும் பிரித்துக் காட்டுவது கடைசி ஐந்து. அதில் இரண்டு பறிபோகிறது. பரீட்சை விண்ணப்பமோ ஸகாத் பட்டியலோ, ஒருவர் பெயரில் மற்றவர் போய் நிற்கலாம்.

என் கருத்து இதுதான்: திறக்கும்போதே தரவுத்தளத்தின் அமைப்பைச் சரிபார்ப்பது மென்பொருளின் கடமை. வழி கஷ்டமில்லை. தரவுத்தளத்துக்குள் ஒரு பதிப்பு எண்ணை வைத்து ஒப்பிடலாம். எஸ்கியூலைட்டில் அதற்கென்றே 'யூசர் வெர்ஷன்' என்ற இடம் உண்டு. ஆனால் அது மட்டும் போதாது. யாராவது கையால் நிரலை மாற்றினால் எண் மாறாது. மைஎஸ்கியூஎல், போஸ்ட்கிரெஸ் இரண்டிலும் 'இன்ஃபர்மேஷன் ஸ்கீமா' இருக்கிறது. எந்த நிரல், என்ன வகை, எத்தனை எழுத்து என்று நேரடியாகவே கேட்கலாம்.

"ஒவ்வொரு முறையும் கேட்டால் வேகம் குறையாதா?" என்கிறார்கள். திறக்கும்போது ஓரிரு கேள்விதான். "வித்தியாசம் இருந்தால் மென்பொருளே திருத்திக்கொள்ளட்டுமே" என்கிறார்கள் சிலர். அதில் எனக்கு உடன்பாடில்லை. எது சரி என்று மென்பொருள் ஊகிக்கக் கூடாது. எழுதுவதை நிறுத்தி, என்ன மாறியிருக்கிறது என்று தமிழில் சொல்லட்டும். பேக்கப் எடுத்துவிட்டு மனிதர் திருத்தட்டும்.

இதுவும் பிடிக்காத பிழை ஒன்று உண்டு. நிரல் அகலமாகவே இருந்தும், முதல் இரண்டு இலக்கத்துக்கு முன்னால் 19 போட்டு வருடம் கணிக்கும் பழைய கணக்கு உள்ளே இருந்தால், 2008இல் பிறந்த பிள்ளை 1920இல் பிறந்ததாகிவிடும். ஆகவே உள்ளே வரும் இலக்கத்தின் நீளத்தையும் பார்க்க வேண்டும்.

பிள்ளைகளின் விபரம் நம் கையில் அமானிதம். நிர்வாகத்தினரே, பணம் கொடுக்கும் முன் ஒன்று செய்யுங்கள். சோதனைப் பிரதியில் ஒரு நிரலின் பெயரை மாற்றிவிட்டு மென்பொருளைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். ஒன்றும் சொல்லாமல் திறந்தால், வாங்க வேண்டாம்.