சாலிட் ஸ்டேட் பேட்டரி: லித்தியம் ஓடுதா, நின்ன இடத்துலேயே குதிக்குதா?

'புது திடப்பொருள் கண்டுபிடிப்பு, லித்தியம் படுவேகம், பேட்டரி சீக்கிரம் சார்ஜ் ஆகும்' என்று அடிக்கடி செய்தி வருது. அந்த வேகத்தை எப்படி அளக்கிறாங்க?

ஒரு முக்கிய வழி என்.எம்.ஆர். நம்ம ஊர் ஸ்கேன் சென்டரில் இருக்கும் எம்.ஆர்.ஐ-க்கு அடிப்படையே இதுதான். வலுவான காந்தத்துக்குள் பொருளை வைத்து ரேடியோ அலை அனுப்பினால், லித்தியம்-7 அணுக்கரு சிக்னல் தரும். குளிரில் அயனிகள் உறைந்து நிற்கும்போது அந்த சிக்னல் அகலமாக இருக்கும். சூடாக்கினால் அயனிகள் இடம்விட்டு இடம் தாவும், சிக்னல் ஒடுங்கும். எந்த வெப்பநிலையில் ஒடுங்குது என்பதை வைத்து, நொடிக்கு எத்தனை தாவல் என்று கணக்கிடலாம்.

சிக்கலே இங்கேதான். இந்தக் கணக்கு பார்ப்பது அணு அளவிலான தாவலை மட்டும். ரெண்டு இடத்துக்கு நடுவே முன்னும் பின்னும் குதிக்கிற அயனியும் இதில் 'வேகமானது'தான். டிராஃபிக்கில் ஆக்சிலரேட்டரை முறுக்குற பைக் மாதிரி, சத்தம் வரும், வண்டி நகராது. பேட்டரிக்கோ அயனி இந்த முனையிலிருந்து அந்த முனைக்குப் போகணும். வழியில் துகளும் துகளும் ஒட்டும் எல்லைகள் மறிக்கலாம்.

அதனால் காந்தப்புலத்தை இடத்துக்கு இடம் மாற்றி, சில மில்லிநொடிகளில் அயனி எத்தனை மைக்ரான் நகர்ந்தது என்றும் அளக்கிறாங்க. கூடவே மின்கடத்தல் சோதனையும் வேணும். 2011-ல் ஜப்பானின் ரியோஜி கன்னோ குழு வெளியிட்ட எல்.ஜி.பி.எஸ் பொருளுக்குச் சொன்ன, சென்டிமீட்டருக்கு 12 மில்லிசீமென்ஸ் என்ற எண், மின்கடத்தலை அளந்து வந்தது. அடுத்த முறை 'படுவேகம்' என்று படித்தால், எந்த அளவீட்டில் என்று பாருங்க.