காற்றும் உண்டு, தண்ணீரும் உண்டு. அரை கிலோமீட்டர் அலையில்லா நீர் தாருங்கள்
தேனி – கம்பம் பள்ளத்தாக்கு பாய்ப்பலகை வீரர்களின் கோரிக்கைச் சாசனம்

பெறுநர்: தேனி மாவட்ட ஆட்சியர், நீர்வளத்துறை, மீன்வளம் மற்றும் மீனவர் நலத்துறை, தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம், கண்மாய்க்கரை ஊர்களின் உள்ளாட்சி மன்றங்கள், ஆயக்கட்டு விவசாயிகள்.

முகவுரை

இந்த மாவட்டத்தில் காற்று என்றால் நஷ்டக் கணக்கு. வைகாசி பிறந்ததும் வாழைக்கு முட்டுக் கொடுக்கிறோம். ஆனியில் சாய்ந்த தார்களை எண்ணுகிறோம். ஆடியில் கூரைத் தகரத்தின் மேல் கல்லை ஏற்றுகிறோம். தமிழ்நாட்டில் காற்றுக்குப் பேர்போன கணவாய்கள் நான்கு: ஆரல்வாய்மொழி, செங்கோட்டை, பாலக்காடு, கம்பம். நான்காவது நம் வாசல். ஆண்டிபட்டிப் பக்கம் காற்றாலைகள் எழுந்த பிறகுதான் இந்தக் காற்றுக்கு விலை உண்டு என்று தெரிந்தது. இதே காற்றில் விளையாட்டும் உண்டு என்று சொல்லவே இச்சாசனம்.

விண்ட்சர்ஃபிங் என்பது ஒரு பலகையும் ஒரு பாயும். பலகைமேல் நின்று, பாயின் குறுக்குக் கழியைக் கையில் பிடித்து, காற்றின் இழுப்பை உடல் எடையால் தாங்கி நீர்மேல் ஓடுவது. எஞ்சின் கிடையாது, எண்ணெய் கிடையாது. இதில் வேகப் பிரிவு தனி. 500 மீட்டர் தூரத்தை எத்தனை வினாடியில் கடந்தாய் என்பது மட்டுமே கேள்வி. 2015இல் நமீபியாவின் லூடரிட்ஸில் பிரான்ஸ் வீரர் அந்துவான் அல்போ 53.27 நாட் வேகத்தில் ஓடினார். மணிக்கு 98 கிலோமீட்டருக்கு மேல். அரை கிலோமீட்டரைக் கடக்கப் பதினெட்டு வினாடி. அவர் ஓடியது கடலில் இல்லை. கரையோரம் இதற்கென்றே வெட்டிய ஒடுங்கிய வாய்க்காலில். காற்று எவ்வளவு பலமாக அடித்தாலும், நீர் தட்டையாக இல்லாவிட்டால் பலகை குதிக்கும். குதித்தால் வேகம் போய்விடும்.

அங்கே பாலைவனத்தில் வாய்க்கால் வெட்டினார்கள். இங்கே முன்னோர் வெட்டி வைத்த கண்மாய்கள் இருக்கின்றன. புதிதாக எதையும் வெட்டித் தரச் சொல்லவில்லை. இருப்பவற்றில் எது எங்களுக்கு ஆகும் என்று அளந்து சொல்லுங்கள். அதைப் பழுதில்லாமல் வைத்திருங்கள். கேட்பது இவ்வளவுதான்.

ஏன் இங்கே?

கோடையிலும் ஆடியிலும் தமிழகத்தின் பெரும்பாலான கண்மாய்களில் காற்று இருக்கும், தண்ணீர் இருக்காது. ஐப்பசி, கார்த்திகையில் தண்ணீர் வரும்போது காற்று அடங்கிவிடும். கம்பம் பள்ளத்தாக்கில் அப்படியில்லை. தென்மேற்குப் பருவக்காற்று மேற்கு மலையின் அந்தப் பக்கம் மழையைக் கொட்டிவிட்டு, வெறுங்கையோடு நம் பக்கம் இறங்குகிறது. அங்கே கொட்டிய மழையை, பென்னிகுவிக் கட்டிய பெரியாறு அணையும் சுரங்கமும் 1895 முதல் நமக்கு அனுப்புகின்றன. காற்று மலைக்கு மேலாக வருகிறது, தண்ணீர் மலைக்குள் புகுந்து வருகிறது. இரண்டும் ஒரே பருவத்தில். அணையில் இருப்பு இருந்தால் ஜூன் முதல் தேதி பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் முதல்போகத்துக்குத் தண்ணீர் திறக்கிறார்கள். வாய்க்கால் வழி குளங்கள் நனைகின்றன. மிச்சம் முல்லையாறு வழியாக வைகை அணை சேர்கிறது. காற்று உச்சத்தில் இருக்கும்போது நீரும் இருக்கும் இடம் தென்தமிழகத்தின் உள்நாட்டில் அரிது.

இதே தென்மேற்குக் காற்றில் இலங்கையின் கற்பிட்டிக் களப்பில் மே முதல் செப்டம்பர் வரை உலகெங்கிலுமிருந்து வந்து காற்றுப்பட்டம் கட்டி நீர்மேல் ஓடுகிறார்கள். பாம்பன் பக்கமும் அந்த விளையாட்டு வந்துவிட்டது. கடல் இருந்தால்தானே என்பார்கள். கடலே இல்லாத மத்தியப் பிரதேசத்தின் போபாலில் தேசியப் பாய்மரப் படகுப் பள்ளி ஓர் ஏரியில் நடக்கிறது. அங்கே பயின்ற விவசாயக் குடும்பத்துப் பெண் நேஹா தாக்கூர் 2023 செப்டம்பரில் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் வெள்ளி வென்றார். அதே ஆசிய விளையாட்டில் இபாத் அலி விண்ட்சர்ஃபிங்கில் வெண்கலம் வென்றார். போபாலின் அந்தப் பெரிய ஏரி நகரத்துக்குக் குடிநீரும் தருகிறது. குடிநீரும் பாயும் ஒரே நீரில் இருக்க முடியும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

நல்ல இடம் எது?

டம்ளர் காபியை ஊதிப் பாருங்கள். உங்கள் வாய்ப்பக்கம் காபி வழவழவென்று இருக்கும்; நெளிவு எதிர் விளிம்பில்தான் சேரும். நீர்நிலையிலும் அதே கதை. காற்று நீர்மேல் எத்தனை தூரம் ஓடுகிறதோ அத்தனைக்கு அலை வளரும். ஆகவே வேக ஓட்டத்துக்குக் காற்று வரும் பக்கத்துக் கரையை ஒட்டிய நீர் வேண்டும். அந்தக் கரை தாழ்வாக, மரமும் கட்டடமும் இல்லாமல் இருக்க வேண்டும். உயர்ந்தால் காற்று மறைந்துவிடும், அல்லது சுழன்று சுழன்று வரும். ஓடுதடம் காற்றுக்கு நேர் குறுக்காக இராமல் சற்றுச் சாய்ந்து, காற்று தோளுக்குப் பின்னிருந்து தள்ளும்படி அமைந்தால்தான் முழு வேகம் எழும். 500 மீட்டர் ஓட, முன்னே வேகம் எடுக்கவும் பின்னே நிற்கவும் இடம் சேர்த்து ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் வேண்டும். பலகைக்கு அடியில் மீன்செதில் போல ஒரு தகடு நிற்கிறது. அது தட்டாமலும், விழுபவர் தரையில் மோதாமலும் இருக்க இடுப்பளவுத் தண்ணீர் போதும்.

இங்கேதான் சிக்கல். கண்மாய்க்கரை எப்போதும் பள்ளத்துப் பக்கம் இருக்கும். மேற்கு மலையடிவாரக் கண்மாய்களில் நிலம் கிழக்கே சரிவதால் கரையும் கிழக்கே நிற்கிறது. பருவக்காற்று கரைக்கு எதிர்ப்புறமான உள்வாயிலிருந்து கிளம்பி அலையைக் கொண்டுபோய்க் கரையில் அறைகிறது. அமைதியான நீர் உள்வாய்ப் பக்கம். அங்கேதான் சீமைக் கருவேலம் அடர்ந்திருக்கிறது. பள்ளத்தாக்கின் மறுபக்கம், மேகமலை அடிவாரத்தில் நிலம் எதிர்த்திசையில் சரிகிறது. அங்கே கரையே காற்றுக்கு முகம் கொடுக்கும் கண்மாய்கள் இருக்க வேண்டும். அப்படி ஒன்று போதிய நீளத்தில் கிடைத்தால் அது உள்ளூர் லூடரிட்ஸ். வரைபடத்தைப் பார்த்து ஊகிக்கிறோம். அளந்து சொல்ல அரசால்தான் முடியும்.

கோரிக்கைகள்

1. ஒரு பருவ அளவீடு. வரும் வைகாசி தொடங்கி ஆவணி முடிய, மாவட்டத்து நீர்நிலைகளில் காற்று, ஆழம், கரையின் திசை, நீரின் தெளிவு ஆகிய நான்கையும் அளந்து பட்டியல் வெளியிட வேண்டும். முதல் சுற்றில் வைகை அணை, மஞ்சளாறு அணை, சண்முகாநதி அணை, தேனி மீறுசமுத்திரம் கண்மாய், போடி மீனாட்சியம்மன் கண்மாய், கம்பம் வீரப்பநாயக்கன்குளம், கூடலூர் ஒட்டான்குளம் ஆகியவை இடம்பெறட்டும். மலை மடிப்புக்குள் ஒடுங்கிய சோத்துப்பாறை போன்ற அணைகளில் காற்று சுழலும், அவற்றை விட்டுவிடலாம். தகுதியில்லாத இடத்தைத் தகுதியில்லை என்று எழுதுவதும் எங்களுக்கு உதவியே.

2. கரை மட்டத்தில் காற்றுமானி. காற்றாலைக்காகக் காற்றை உயரத்தில் அளக்கிறார்கள். எங்கள் பாய் நீருக்கு மேல் ஐந்து மீட்டருக்குள் நிற்கிறது. தெரிந்தெடுத்த கரைகளில் அந்த உயரத்தில் சிறு காற்றுமானிகள் வைத்து, அளவுகளை எல்லோரும் பார்க்கும்படி தர வேண்டும். வாழை விவசாயிக்கும் அது பயன்படும். வைகை அணை வேளாண் ஆராய்ச்சி நிலையத்தையும் பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியையும் இதில் சேர்த்துக்கொள்ளலாம்.

3. வைகைக்கு அடிவாரி வரைபடம். 1959 முதல் நம் வீடுகளில் தினசரிப் பேச்சு வைகை அணையின் நீர்மட்டம். முழுக்கொள்ளளவு 71 அடி. மட்டம் ஒவ்வோர் அடி இறங்கும்போதும் கரையின் வடிவம் மாறுகிறது. நீருக்குள் தரைமுனைகள் நீள்கின்றன. அம்முனைகளின் மறைவில்தான் தட்டை நீர் கிடைக்கும். எந்த மட்டத்தில் எந்த முனை வெளித்தெரியும், அடியில் பாறை எங்கே என்று காட்டும் வரைபடம் வேண்டும். அதை வைத்திருப்பவர் மீனவராயிருந்தாலும் பயன்; மூழ்கியவரைத் தேடும் தீயணைப்பு வீரராயிருந்தாலும் பயன்.

4. கருவேலத்தைத் தூரோடு எடுங்கள். மேலே வெட்டிவிட்டுப் போனால் தூர் நிற்கும். நீர் ஏறியதும் கண்ணுக்குத் தெரியாது. பலகைத் தகடு உடைவது இருக்கட்டும், குளிக்கப் போகும் பிள்ளையின் காலைக் கிழிப்பதும் அதே தூர்தான். ஆகாயத்தாமரையும் அப்படியே. நாங்கள் கேட்காவிட்டாலும் செய்ய வேண்டிய வேலை இது.

5. வண்டல் அள்ளுவதில் ஒழுங்கு. கண்மாய் வண்டல் வயலுக்குப் போக வேண்டியதுதான். ஆனால் அள்ளிய இடத்தில் கிணறுபோல் பள்ளம் விழுந்தால் அது உயிர்ப்பலி வாங்கும். மட்டமாக அள்ள வேண்டும். அள்ளிய பகுதியைக் குறித்துப் பலகை வைக்க வேண்டும். அந்தப் பலகையில் எங்களுக்கான எச்சரிக்கையையும் எழுதிக்கொள்கிறோம்.

6. கரையின் உயரம் கெட வேண்டாம். காற்று வரும் பக்கத்தில் புதுக் கட்டடம், உயர்ந்த சுற்றுச்சுவர், அழகுக்கான மரவரிசை எழுந்தால் இடம் என்றென்றைக்கும் போய்விடும். தெரிவான கரைகளை ஆக்கிரமிப்பு அண்டாத திறந்த கரைகளாக அறிவிக்க வேண்டும். ஏரிகளைக் காக்கவும் ஆக்கிரமிப்பை அகற்றவும் 2007இல் சட்டம் வந்தது. அதை நடைமுறைப்படுத்தினாலே பாதிக் கோரிக்கை நிறைவேறும்.

7. எழுத்தில் அனுமதி. இன்று பலகையோடு கரையில் நின்றால் விரட்டுவதற்கு எல்லோருக்கும் அதிகாரம் உண்டு, அனுமதிப்பதற்கு யாருக்கும் இல்லை. எந்த நீர்நிலை, எந்த மாதங்கள், எந்த நேரம், யார் பொறுப்பு என்று ஒரே தாளில் நடைமுறை வெளியிட வேண்டும்.

8. அபாய எல்லை. மதகு, கலுங்கு, அணை ஷட்டர் ஆகியவற்றின் அருகே மிதவைக் கயிறு கட்டி எல்லை போட வேண்டும். வைகையில் 66, 68.5, 69 அடிகளில் வெள்ள எச்சரிக்கைகள் விடப்படுகின்றன. முதல் எச்சரிக்கை வந்த நொடியே எங்கள் ஓட்டம் நிற்கும் என்று விதியிலேயே எழுதுங்கள். உயிர்காப்புச் சட்டை இல்லாமலும், துணைப் பரிசல் நீரில் இல்லாமலும் யாரும் இறங்கக் கூடாது.

9. மீன்பாசிக் குத்தகைதாரருடன் உடன்பாடு. வலை கட்டும் இடமும் நேரமும் அவர்களுடையவை. காற்று பலப்படுவது நண்பகலுக்கு மேல். வலை எடுப்பது விடியலில். நேரத்தைப் பிரித்துக்கொண்டால் சண்டை இல்லை. அந்தத் துணைப் பரிசலை ஓட்டும் வேலை உள்ளூர் மீனவருக்கே போக வேண்டும், கூலியோடு.

10. பள்ளிப் பிள்ளைகளுக்கு நீச்சலும் பாயும். விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் தெரிவான ஒரு கரையில் சில பலகைகளும் பாய்களும் ஒரு பயிற்சியாளரும் தர வேண்டும். நீச்சல் தேறியவருக்கே பாய். பெண் பிள்ளைகளுக்கு உடை மாற்ற ஓர் அறையும் கழிப்பறையும் இல்லாமல் இத்திட்டத்தைத் தொடங்கவே வேண்டாம்.

எங்கள் கடமை

உரிமைகளின் வரிசையை நாங்களே எழுதித் தருகிறோம். குடிநீர் முதலில், ஆயக்கட்டு இரண்டாவது, மீன் மூன்றாவது, பறவைகள் நான்காவது, நாங்கள் கடைசி. மதுரைக்குக் குடிக்கப் போகும் நீரில் ஒரு சொட்டு எண்ணெய் விழவும் காரணமாக மாட்டோம். மீட்புக்கு விசைப்படகு வேண்டும் என்று கேட்கவும் மாட்டோம். வலசைப் பறவைகள் வரும் ஐப்பசி முதல் மாசி வரை பாயைச் சுருட்டி வைத்துவிடுகிறோம். அப்போது எங்களுக்குக் காற்றும் இல்லை. நீர் திறப்பை எங்களுக்காக ஒரு நாளும் தள்ளிப்போடச் சொல்ல மாட்டோம். கண்மாய் வற்றினால் அந்த ஆண்டு விளையாட்டு இல்லை. விவசாயிக்கு இல்லாத தண்ணீர் எங்களுக்கும் வேண்டாம்.

கையில் கட்டும் ஜிபிஎஸ் கருவி எங்கள் வேகத்தோடு நாங்கள் ஓடிய தடத்தையும் பதிவுசெய்கிறது. எங்கே தகடு தட்டியது, எங்கே மண் மேடிட்டது, எங்கே பாசி சுற்றியது என்ற குறிப்பைப் பருவந்தோறும் நீர்வளத்துறைக்கு இலவசமாகத் தருவோம். கண்மாயைத் தினமும் பார்க்க அந்தக் காலத்தில் மடையும் நீரும் காத்த நீர்க்கட்டிகள் இருந்தார்கள். அந்தக் கண்கள் குறைந்துபோன கரையில் இன்னும் நாலு கண்கள் இருப்பது யாருக்கும் கெடுதல் இல்லை.

முடிவாக

முதல் மூன்று கோரிக்கைகளுக்கும் ஒரு காற்றுப் பருவம் போதும். நாலு முதல் ஆறு வரை கண்மாய்க்குச் செய்ய வேண்டிய பழைய கடன். மீதி நான்கும் உட்கார்ந்து பேசினால் தீரும். பட்டியல் வந்த பிறகு ஒரே ஒரு கரையில், ஐந்நூறு மீட்டர் இடைவெளியில் இரண்டு மூங்கில் கழிகள் நட அனுமதி தாருங்கள். தொடக்கக் கழியை அந்தக் கண்மாயின் கடைமடை விவசாயி நடட்டும். முடிவுக் கழியை அங்கே வலை கட்டும் மீனவர் நடட்டும். அவர்கள் இருவரும் பிடுங்கச் சொல்லும் நாளில் மறுபேச்சில்லாமல் பிடுங்கிக்கொள்வோம்.

இப்படிக்கு,
ஆடிக்காற்றில் அம்மி பறப்பதை மட்டுமே பார்த்து வளர்ந்த
தேனி, கம்பம் பள்ளத்தாக்குப் பாய்ப்பலகை ஆர்வலர்கள்